சுருட்டிப் போட்ட துணி

மர மேசை நாற்காலிகளுக்கு மெருகேற்றியே முப்பது வருடத்தைக் கழித்தவருக்கு ஒரே ஒரு கர்வம்தான் இருந்தது. எண்ணெய் துடைத்த துணியை அவர் ஒருநாளும் சுருட்டிப் போட்டதில்லை. கம்பியில் விரித்துக் காயப்போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். குவித்து வைத்தால் அது தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். பட்டறையில் அவர் இதைச் சொல்லாத நாளில்லை. காதில் போட்டுக்கொண்டவர்தான் யாருமில்லை.

"இப்படியே மூட்டை கட்டிப் போடுங்க. ஒருநாள் பட்டறையே எரியப்போகுது" என்று முதலாளி முன்னாலேயே ஒருநாள் கத்தித் தீர்த்தார். மூன்றாம் நாள் எரிந்தது. போலீஸ் அவரைத்தான் அள்ளிக்கொண்டு போனது. நல்லதுக்குச் சொன்ன வாய்க்கு அதுதான் கிடைத்த மரியாதை.

தீப்பிடித்த அன்று மாலை துணியைச் சுருட்டி மூலையில் திணித்தவன் அவருடைய மைத்துனன். அவரே கெஞ்சி வேலைக்குச் சேர்த்துவிட்டவன். அவர் ஜாமீனில் வந்த அன்றே வீட்டுக்கு வந்து, தன் அக்காவின் மடியில் முகம் புதைத்து எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டுப் போனான்.

வக்கீல் சுற்றி வளைக்கவில்லை. "வேணும்னே கொளுத்தினதா முடிவானா பத்து வருஷம். துணி தானா பத்திக்கிச்சுன்னு காட்டிட்டா வெறும் கவனக்குறைவு, அபராதத்தோட முடிஞ்சிடும். ஆனா துணியைச் சுருட்டினது யாருன்னு கேப்பாங்க."

"நான்தான்னு சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி. "அவன் பாவம், சின்னப் புள்ளைங்க இருக்கு. அபராதம்தானே?"

அபராதம்தானாம். ஆனாலும் கூண்டில் ஏறி, "ஞாபகமில்லாம நான்தாங்க சுருட்டிப் போட்டுட்டேன்" என்றார். நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார்.

அதன்பிறகு ஊரில் எந்தப் பட்டறையும் அவரை வாசல்படி ஏறவிடவில்லை. இதற்குள் முதலாளி புதுப் பட்டறை திறந்து, மெருகேற்றும் பொறுப்பை மைத்துனனிடம் கொடுத்திருந்தார். ஆறு மாதம் அலைந்து ஓய்ந்தவர், வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அவனிடமே போய் நின்றார்.

மைத்துனன் அவரைத் தனியே அழைத்துப் போனான்.

"உப்புத்தாள் தேய்க்கிற வேலை தரேன் அத்தான். எண்ணெய்ப் பக்கம் மட்டும் வராதீங்க, முதலாளி பயப்படுறாரு." கொஞ்சம் தயங்கினான். "இவ்வளவு அனுபவம் இருந்தும் நீங்க அந்தத் துணியை அப்படிப் போட்டிருக்கக் கூடாது."

அவர் அவன் முகத்தையே பார்த்தார். அவன் நடிக்கவில்லை. உண்மையாகவே அவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தான்.