நிழல் கோடுகள் சாய்ந்த பக்கம்

அண்ணனைப் பார்க்க யாராவது வந்தால் அண்ணி முதலில் பின்னறைக் கதவை வெளியிலிருந்து தாழிடுவாள். அதன் பிறகுதான் வாசல் கதவைத் திறப்பாள். உள்ளே இருக்கும் தங்கைக்கு அது பழகிவிட்டது. தாழ்ப்பாள் விழுந்ததும் ரேடியோவை அணைப்பாள், தூரிகையைச் சத்தம் வராமல் தண்ணீர்க் குவளையில் வைப்பாள், நாற்காலியை நகர்த்தாமல் அப்படியே உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை வந்த ரசிகர்கள் நான்கு மணிநேரம் பேசிக்கொண்டே இருந்தார்கள். கடைசி ஒரு மணிநேரம் அவள் பாத்ரூம் போக வழியில்லாமல் கால்களைப் பின்னிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் தன் படங்களைப் பற்றிய பேச்சைக் கேட்டாள்.

"அந்தப் புயல் சீனை எப்படி சார் வரைஞ்சீங்க?"

"அது… தானா வந்துச்சுப்பா" என்றார் அண்ணன்.

'கரையேறாத கப்பல்' என்ற சித்திரத் தொடரின் ஆசிரியர் அவர். துறைமுகத்துக்குள் விடப்படாமல் கடலிலேயே நிற்கும் ஒரு சரக்குக் கப்பலின் கதை. ஒன்பது பாகங்கள் வந்துவிட்டன. முதல் நான்கும் அவரே எழுதி, அவரே வரைந்தவை. ஐந்தாம் பாகம் தொடங்கிய சமயத்தில் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. காப்பி டம்ளரைக்கூட இரண்டு கையால் பிடிக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் தங்கை கல்யாணம் முறிந்து, ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்திருந்தாள். சின்ன வயதிலிருந்தே நன்றாக வரைவாள்.

"இந்த ஒரு புத்தகம் மட்டும் கை குடும்மா" என்று அண்ணன் கேட்டார். அவர் கண் கலங்கியதை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. சரி என்றாள்.

அது நடந்து பதினோரு வருஷமாகிவிட்டது. ஐந்திலிருந்து ஒன்பதுவரை எல்லாப் படமும் அவள் கை. கடைசிப் பக்கத்தில் அண்ணனின் கையெழுத்தைப் போடுவதும் அவள்தான். அவள் வெளியே அதிகம் போவதில்லை. முகங்கள் தேவைப்பட்டால், ரசிகர் மன்றத்தார் அண்ணனுக்கு அனுப்பும் விழாப் புகைப்படங்களிலிருந்து எடுத்துக்கொள்வாள். வெளியே சொல்லிவிடலாமே என்று எப்போதாவது தோன்றும். சொன்னால் தொடர் நின்றுபோகும், வரைவதும் நின்றுபோகும். அது போனால் தனக்கு என்ன மிச்சம்? அத்தோடு அந்த நினைப்பை மூடிவிடுவாள்.

மன்றத்துக்கு இருபதாவது வருஷம் வந்தது. இதுவரை படித்ததிலேயே சிறந்த பத்துச் சித்திர நாவல்களையும் தொகுப்புகளையும் தேர்ந்தெடுத்து, ஒரு சிறு மலராக அச்சடிக்கப் போகிறார்கள். தேர்வுக் குழுவில் உட்கார அண்ணனை அழைத்தார்கள். இதற்குமுன் மூன்று முறை உடம்பு சரியில்லை என்று தட்டிக்கழித்தாயிற்று. நான்காவது முறையும் மறுத்தால் பேச்சு கிளம்பும்.

"நீ போயிட்டு வா. அவருக்குப் பதிலா வந்திருக்கேன்னு சொல்லு. போய் உட்காரு, வா. வாயை மட்டும் திறக்காதே" என்றாள் அண்ணி.

சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஒரு நீள அறையில் கூட்டம். டயர் வாசனை மாடிவரை வந்தது. தலைவர் ஒரு பல் டாக்டர், பெரிய மூக்கும் பெரிய குரலும் கொண்டவர். அவருக்குப் பக்கத்தில் ஒரு கணக்கு டீச்சர். எதிரே, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் ஒல்லியான ஆள். அவரை எல்லாரும் 'எக்ஸ்ரே' என்றே கூப்பிட்டார்கள். புத்தகத்தைக்கூட ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துத்தான் பார்ப்பாராம். அவளுக்கு எல்லாருமே தெரிந்த முகங்களாக இருந்தார்கள். யாரும் அவளைப் பார்த்ததில்லை.

"வாங்க தங்கச்சியம்மா. கையெழுத்து நல்லா இருக்குமா? அப்ப மினிட்ஸ் நோட்டை நீங்களே எழுதுங்க. என் எழுத்து மருந்துக் கடைக்காரருக்கே புரியாது" என்றார் டாக்டர்.

அவள் இடது கையால் எழுத ஆரம்பித்தாள்.

முதல் சண்டை, வாராவாரம் பத்திரிகையில் வந்ததைத் தொகுத்தால் அது புத்தகமா என்பதில் தொடங்கியது. "பிடுங்கின பல்லை எல்லாம் ஒரு டப்பாவுல போட்டா அது வாயாயிடுமா?" என்று டாக்டர் கேட்டார். "ரயில் பெட்டியையும் தனித்தனியாத்தான் செய்யறாங்க. இணைச்சா ஓடுதா இல்லையா?" என்றார் டீச்சர். ஒரு வார்த்தைகூட இல்லாத சித்திர நாவல் ஒன்றை டீச்சர் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, இதைப் பட்டியலில் சேர்க்காவிட்டால் நான் எழுந்து போய்விடுவேன் என்றார். டாக்டர் தன் துப்பறியும் தொகுப்புக்காக மேசையைத் தட்டினார். இத்தனை பேர் இத்தனை ஆசையோடு படங்களைப் பற்றிப் பேசி அவள் கேட்டதே இல்லை. கேட்டாலும் சுவர் வழியாகத்தான். வேகமாக எழுதினாள், நடுவில் இரண்டு முறை சிரித்தும்விட்டாள்.

ஒன்பது புத்தகங்கள் முடிவாயின. முதல் இடம் மட்டும் மிச்சம். 'கரையேறாத கப்பல்' என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எந்தப் பாகம் என்பதுதான் கேள்வி.

"ஏழாம் பாகம். ஆனா ஒரு சந்தேகம் இருக்கு" என்றார் எக்ஸ்ரே.

நான்காம் பாகத்தையும் ஏழாம் பாகத்தையும் திறந்து மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"நிழலுக்குப் போட்ட கோட்டைப் பாருங்க. நாலுல எல்லாக் கோடும் கீழே இடப்பக்கம் ஆரம்பிச்சு மேலே வலப்பக்கம் போகுது. வலக்கைக்காரங்களுக்கு மணிக்கட்டு அப்படித்தான் திரும்பும். ஏழைப் பாருங்க. அப்படியே எதிர்ப்பக்கம் சாயுது. அஞ்சுலேர்ந்து ஒன்பதுவரை இப்படித்தான். இது வேற ஆள். இடக்கை ஆள்."

அவள் பேனா ஒரு சொல்லின் பாதியில் நின்றது. தொடர்ந்து எழுதினால் பார்ப்பார்கள். கையை மாற்றினாலும் பார்ப்பார்கள். மை காயவில்லை என்பதுபோல் நோட்டை ஊதினாள். பேனாவை மடியில் நழுவவிட்டு, இடது கையைக் கைப்பைக்கு அடியில் செருகினாள்.

"என்னப்பா உளர்ற? அந்த மனுஷனைப் பொய்யர்னு சொல்றியா?" டாக்டர் எழுந்தே விட்டார்.

"யாரையும் சொல்லலை. ஏழாம் பாகத்தை வரைஞ்சது யாரோ, அவங்க பேர்தான் பட்டியல்ல வரணும்னு சொல்றேன்."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "தங்கச்சியம்மா, நீங்களே சொல்லுங்க. அந்த வீட்டுலயே இருக்கீங்க. யார் வரையறது?"

மற்றவர்களும் அவளைப் பார்த்தார்கள். கீழே யாரோ சைக்கிள் மணியை அடித்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணன்தான்" என்றாள்.

"இடக்கையாலயா?" என்று எக்ஸ்ரே மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு கையாலயும் வரைவார்."

"போதுமா?" என்றார் டாக்டர். "எழுதுங்கம்மா. சந்தேகம் எழுப்பப்பட்டது, ஓவியரின் தங்கை அதை மறுத்தார். எழுதிட்டு நீங்களே கையெழுத்துப் போடுங்க."

அவள் பேனாவை வலது கையில் எடுத்தாள். அந்த இரண்டு வரியை எழுத அவளுக்கு மூன்று நிமிஷம் பிடித்தது. மேலே பக்கம் முழுக்க முத்துமுத்தான எழுத்து. கீழே ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் கோணலாக இரண்டு வரி. நோட்டைப் பார்த்தது எதிரே இருந்த எக்ஸ்ரே மட்டும்தான். அவள் முகத்தையும் பார்த்தார். கூட்டத்தில் யாருடைய காலையோ மிதித்துவிட்டவர்போல் அவர் முகம் சுருங்கியது.

"என் சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார்.

ஏழாம் பாகம் முதலிடம் பெற்றது. அண்ணன் பெயரைச் சொல்லி எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் தட்ட வேண்டியிருந்தது. கண்டுபிடித்த ஒரே ஆளும் அவளைக் காப்பாற்றவே வாயை மூடிக்கொண்டது அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, பின்னறைத் தாழ்ப்பாள் மறுபடி விழுந்ததுபோல் இருந்தது.

நடந்ததை வீட்டில் சொன்னாள். அண்ணி தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். அண்ணன் ஏழாம் பாகத்தைத் திறந்து வைத்து நிழல் கோடுகளைப் பார்த்தார்.

"பத்தாம் பாகத்துலேர்ந்து தாளைத் திருப்பி வெச்சுக் கோடு போடு. அப்ப என் பக்கம் சாயும்" என்றார்.

"முகமெல்லாம் கோணிப் போயிடும் அண்ணா."

"பழகிடும்மா. எல்லாம் பழகிடும்."

மூன்று வாரம் முயன்றாள். தாளைக் குறுக்காக வைத்து, கழுத்தைச் சாய்த்துக் கோடு போட்டாள். கழுத்து பிடித்துக்கொண்டது. கப்பல் தலைவனின் கன்னம் வேறு யாரோ ஒருவனுடைய கன்னமாக வந்தது. கிழித்துக் கிழித்துப் போட்டதில் கூடை நிரம்பியது. இதுவரை பேர்தான் தன்னுடையதாக இல்லை, இப்போது கையையும் கேட்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. அப்படிப் பட்ட அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவளை அனுப்ப அண்ணிக்கு இஷ்டமில்லை. ஆனால் டாக்டர் போனில் பிடிவாதமாக இருந்தார். மலர் அச்சுக்குப் போகும்முன், குறிப்பு எழுதியவரே அதைப் படித்துக் காட்ட வேண்டும், மன்றத்தின் விதி அது என்றார்.

மறுபடி அதே மேசை, அதே மூன்று பேர். அவள் நின்றுகொண்டு படித்தாள். ரயில் பெட்டி வந்த இடத்தில் டீச்சர் சிரித்தார். பிறகு அந்தக் கோணல் வரிகள் வந்தன. அவற்றையும் படித்தாள். எக்ஸ்ரே தலையைக் குனிந்துகொண்டார்.

"திருத்தம் ஏதாவது உண்டா?" டாக்டர் வழக்கமாகக் கேட்பதுபோல் கேட்டுவிட்டு, பேனா மூடியைக் கழற்றினார்.

"இருக்கு" என்றாள்.

உட்கார்ந்து, பேனாவை இடது கையில் எடுத்து, அந்த இரண்டு வரியையும் அடித்தாள். எழுதிக்கொண்டே உரக்கச் சொன்னாள்: "ஐந்தாம் பாகத்திலிருந்து ஒன்பதாம் பாகம்வரை படம் வரைந்தது நான். கதை அண்ணனுடையது." குரல் நடுங்கியது, கை நடுங்கவில்லை.

யாரும் கைதட்டவில்லை. டாக்டரின் முகம் சிவந்தது.

"போன மாசம் எங்க மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொன்னீங்களா?"

"ஆமா."

"இப்ப சொல்றது நிஜம்னு எப்படி நம்பறது?"

"விடுங்க டாக்டர். அவங்க பரீட்சை எழுத வரலை" என்றார் எக்ஸ்ரே.

"பரவாயில்லை" என்று சொல்லி, நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். இரண்டு நிமிஷத்தில் தாளில் ஒரு சுங்க அதிகாரியின் முகத்தை வரைந்தாள். பெரிய மூக்கு, நிமிர்ந்த தலை, கோபம், கன்னத்தில் இடக்கைப் பக்கம் சாய்ந்த நிழல் கோடுகள். எட்டாம் பாகத்தைப் படித்த எவருக்கும் அந்த ஆளைத் தெரியும்.

டீச்சர் படத்தைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார்.

"இது… என் மூக்கு" என்றார் டாக்டர்.

"மன்றத்து போட்டோவுல உங்களைப் பார்த்துத்தான் வரைஞ்சேன். மன்னிச்சுக்கங்க."

"மூணு வருஷமா எனக்குப் பிடிச்ச கதாபாத்திரம் அந்த ஆளுதான்" என்றார் டாக்டர், கோபம் போகாமலே. பிறகு குறிப்பில் கையெழுத்துப் போட்டார். பட்டியலில் இரண்டு பெயரும் போக வேண்டும் என்று முடிவாயிற்று. ஆனால் அவளிடம் அவர் அன்று வேறெதுவும் பேசவில்லை. மாடிப்படியில் எக்ஸ்ரே பின்னாலேயே வந்தார்.

"உங்களை மூலையில நிறுத்திட்டேன்னு ஒரு மாசமா தூக்கமில்லைங்க."

"நீங்க நிறுத்தலை. நான் முன்னாடியே அங்கதான் நின்னுட்டிருந்தேன்" என்றாள்.

டாக்டர் போனில் சொல்லிவிட்டதால் அவளுக்குமுன் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டியே" என்று அண்ணி ஒரு மூச்சு அழுதாள். அண்ணன் பின்னறைப் பக்கமே வரவில்லை. ஒன்பது நாள் வரவில்லை. அவளுக்குப் போக வேறு இடம் இல்லை. தட்டு பின்னறைக்கு வந்தது, போயிற்று. தன் வாயாலேயே இன்னொரு சுவரை எழுப்பிக்கொண்டோமோ என்று பயந்தாள்.

பத்தாம் நாள் அண்ணன் கதைத்தாள்களோடு வந்து, தகரப் பெட்டிமேல் உட்கார்ந்தார். தாள் அவர் கையில் படபடத்தது.

"எங்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "விட்டிருக்க மாட்டேன்" என்றார். பிறகு, "ஒவ்வொருத்தனும் புகழறப்ப, நீ சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கேன்னு எனக்குத் தெரியாதா? தொண்டையில முள்ளு மாதிரி நிக்கும். ஆனா விழுங்கிட்டேன். பதினோரு வருஷமா விழுங்கிட்டேன்."

அவள் வாயில் வந்தது வேறு ஒன்று.

"எனக்கு முன்னறை வேணும் அண்ணா. இங்க வெளிச்சமே இல்ல."

"அண்ணிகிட்ட நீயே கேளு."

"நீங்க கேளுங்க."

அவர் எழுந்து போனார். சமையலறையில் இரண்டு பேரும் நெடுநேரம் வாக்குவாதம் செய்வது கேட்டது. பதில் அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவளே மேசையை இழுக்க ஆரம்பித்தாள். அது பின்னறைக் கதவு நிலையில் சிக்கி நின்றது. பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தாள், தூக்கிப் பார்த்தாள், போகவில்லை. கால்களைக் கழற்றினால்தான் போகும் என்று தெரிந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

அண்ணி வந்து பார்த்தாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. உள்ளே போய், ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.