போட்டு வாறம்

கட்டினவனுக்கு ஒரு வீடு, கட்டாதவனுக்குப் பல வீடு என்பார்கள். 2005 கோடையில் எங்களுக்குப் பதினொரு வீடு. குட்மேய்ஸில் ஒற்றைப் படுக்கையறை பிளாட்டில் இருந்துகொண்டு, சனிக்கிழமை தோறும் மற்றவர்களுடைய குசினிகளைப் பார்த்துத் திரிந்தோம். அடுப்பு எங்கே, அலுமாரி எங்கே என்று குசினி பார்ப்பது நான்தான். என் மனுசன் சண்முகராசா எந்த ஏஜென்ட்டிடமும் ஒரேயொரு கேள்விதான் கேட்பார், பேஸ்மென்ட் இருக்கிறதா என்று.

ஜெர்மனியில் பத்து வருடம் எலக்ட்ரிக் வேலை செய்தவர். ஹோம் தியேட்டர் விசர் அங்கேதான் பிடித்தது. ஐந்து ஸ்பீக்கர், ஒரு பேஸ் பெட்டி, சுவர் அகலத்துக்குத் திரை. அதற்கு யன்னல் இல்லாத அறை வேண்டுமாம்.

"விலையும் குறையவேணும், பேஸ்மென்டும் வேணும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை," என்பேன்.

"நீர் பொறுத்துப் பாரும்," என்று சிரிப்பார்.

என் ஆசை வேறு. மகள் கோசிகாவுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. இன்னும் ஒரு சொல் பேசியதில்லை. காது நன்றாகக் கேட்கிறது, சில பிள்ளைகள் சுணங்கித்தான் பேசும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். சொல்லுவார், அவருக்கென்ன? வெள்ளிக்கிழமைகளில் மனோர் பார்க் முருகன் கோயிலுக்குப் போய் நான் கேட்டது ஒன்றுதான். அம்மா என்றுகூட வேண்டாம், ஏதாவது ஒரு சொல்லை இந்தப் பிள்ளையின் வாயில் வை.

பன்னிரண்டாவது வீடு அந்தக் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஒரு வருடமாகப் பூட்டிக் கிடந்த வீடு. ஏஜென்ட் பெண் பேஸ்மென்ட் கதவைத் திறந்துவிட்டு, போன் பேசவேண்டும் என்று வாசலுக்குப் போய்விட்டாள்.

கீழே ஒரு பல்ப். குளிர். பதின்மூன்று அடி நீளம், பதினொரு அடி அகலம். இவர் டேப்பை இழுத்து இழுத்து அளந்தார். "இஞ்சை திரை. இதிலை சோபா. பின் ஸ்பீக்கர் ரெண்டும் படிக்குக் கீழை." எதிரொலி பார்க்கவென்று ஒருமுறை கை தட்டினார். கொஞ்சம் பிந்தி ஒரு தட்டு திரும்பி வந்தது. இரண்டு முறை தட்டினார். மூன்று வந்தது.

"என்னப்பா இது?"

"வெறுஞ்சுவர் அப்பிடித்தான். கம்பளம் அடிச்சால் சரி."

கோசிகா படிக்குக் கீழே, முன்னொரு காலத்தில் கரி கொட்டி வைத்த பொந்துக்கு நேரே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு படியேறினேன். பழக்கதோஷம், வெறும் அறையைத் திரும்பிப் பார்த்து, "சரி, போட்டு வாறம்," என்றேன். போய்விட்டு வருகிறோம் என்று சொல்லாமல், வெறுமனே 'போறம்' என்று சொல்லி எந்த வீட்டிலிருந்தும் நான் வெளிக்கிட்டதில்லை.

"வாறன்."

எனக்குப் பின்னால் ஒரு சின்னக் குரல். என் கையைப் பிடித்தபடி பின்னால் வந்தவள் கோசிகாதான். ஐயோ முருகா என்று கத்திவிட்டேன். இவர் டேப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். படியிலேயே உட்கார்ந்து பிள்ளையைக் கொஞ்சிக் கொஞ்சி அழுதோம்.

வீட்டுக்கு வந்தாளோ இல்லையோ, பழையபடி ஊமை. ஒரு கிழமை கெஞ்சிப் பார்த்தேன். இனிப்புக் காட்டிப் பார்த்தேன். அடுத்த சனி திரும்பவும் அங்கே போனோம். புறப்படும்போது வேண்டுமென்றே உரத்துச் சொன்னேன். "போட்டு வாறம்!"

"வாறன்."

அன்றைக்கே ஏஜென்ட்டிடம் சம்மதம் சொல்லிவிட்டோம். குசினியில் இரண்டு பேர் நிற்க ஏலாது. நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன? என் பிள்ளை வாய் திறக்கிற இடம் அது.

மூன்றாம் சனி, கடைசி அளவெடுக்கப் போனோம். அந்த வாய் திறப்பதை என் கண்ணால் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். "பிள்ளையைத் தோளிலை போட்டுக்கொண்டு முன்னுக்கு ஏறுங்கோ," என்றேன். அவர் ஏறினார். அவருடைய தோளுக்கு மேலால் கோசிகாவின் முகம் எனக்கு நேரே இருந்தது. அவள் உதட்டை விட்டுக் கண் எடுக்காமல் சொன்னேன்.

"போட்டு வாறம்."

உதடு அசையவில்லை. அவள் என்னைப் பார்க்கவும் இல்லை. எனக்குப் பின்னால், கீழே எதையோ பார்த்தாள்.

"வாறன்."

என் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

அப்போதுதான் உறைத்தது. விடைபெறுகிறவர்களும் 'வாறன்' என்பார்கள். கூட வருகிறவர்களும் 'வாறன்' என்பார்கள். நான் மூன்று தரம் விடைபெற்றேன். அது மூன்று தரமும் கேட்டுக்கொண்டு கூடவே வெளிக்கிட்டிருக்கிறது.

"போறம்! நாங்கள் போறம்! இனி வரமாட்டம்!" என்று கத்தி, இவரைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து கதவை அடித்துச் சாத்தினேன்.

காரில் இல்ஃபோர்ட் தாண்டும்போது இவர் வாய் திறந்தார். எந்த ஸ்பீக்கரிலிருந்து சத்தம் வருகிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மனுசன்.

"கோசி என்ரை காதுக்குப் பக்கத்திலை இருந்தவள், நகுலா. சத்தம் பின்னாலையிருந்து வந்தது."

"தெரியும். அந்த வீடு வேண்டாம்."

"வேண்டாம்."

பிளாட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். இவர் உள்ளே போனார். கோசிகா போகவில்லை. இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் ஏறி வந்த வெறும் படிகளைப் பார்த்தாள். வெயில் விழுந்த படிகள். ஒருவரும் இல்லை.

அவள் உதடு பிரிவதை இந்தமுறை நான் பார்த்தேன்.

"வா," என்றாள்.

கொஞ்சம் கரகரத்த குரல். நான் இதுவரை கேட்டிராத குரல். என் பிள்ளையின் குரல்.

"நகுலா, கதவைச் சாத்தும்!" இவர் உள்ளேயிருந்து கத்தினார்.

கதவில் கை வைத்தேன். கோசிகா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான்கு வருடம் காத்திருந்தேன். இந்தக் கதவைச் சாத்தினால் அந்த வாயும் சாத்திக்கொள்ளும் என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், பெற்றவளுக்குத் தெரியும்.

கையை எடுத்தேன். சுவரோடு ஒதுங்கி வழி விட்டேன்.

கணுக்காலில் ஒரு குளிர் பட்டுக் கடந்து போனது. கோசிகா சிரித்தபடி கதவைச் சாத்திவிட்டு என் சேலையைப் பிடித்தாள்.

"அம்மா," என்று கூப்பிட்டார்கள், இரண்டு பேரும்.