பூஜையன்று கழற்றிய கிளாம்ப்

கழற்றாதே என்றால் கழற்றாதே. இதில் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது? சங்கமித்ரா அன்றைக்கு ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னாள். கேட்டால்தானே!

பொம்மசந்திராவில் பத்ரிநாத்தின் மரப்பட்டறையில் பலகை ஒட்டும் வேலை ஒன்பது வருஷமாக அவளுடையது. ஐந்து தேக்குப் பலகைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி ஒரே மேஜைப் பரப்பாக்க வேண்டும். விளிம்பு நெடுகப் பசை தடவி, பலகைகளை நெருக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டு இறுக்குவாள். எல்லாவற்றையும் ஒரே பக்கம் போட்டால் பரப்பு வளைந்துகொள்ளும். பலம் இருக்கிறதே என்று முறுக்கினால் பசை முழுக்க வெளியே வழிந்து உள்ளே வறண்டுவிடும். விளிம்பில் பசை மணி மணியாகக் கசியும்போது கையை நிறுத்த வேண்டும். அந்த அளவு அவளுடைய மணிக்கட்டுக்குத் தெரியும். பட்டறையில் வேறு யாருக்கும் தெரியாது, முதலாளியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆயுத பூஜையன்று காலை பத்தே முக்காலுக்கு ஒட்டி இறுக்கினாள். நாலு மணி நேரமாவது அப்படியே கிடக்க வேண்டிய மேஜை. பதினொன்றரைக்குப் பத்ரிநாத் வந்தார், குளித்து முழுகி, புது வேட்டியோடு. பன்னிரண்டுக்கு ராகுகாலம், அதற்குள் பூஜை முடிய வேண்டும். ரம்பம், உளி, இழைப்புளி எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வந்துவிட்டன. கிளாம்ப் மட்டும் எங்கே? மரத்தைக் கவ்விக்கொண்டு நிற்கிற ஆயுதம் பூஜை ஏற்காதாம். கழற்றித் துடைத்து வைக்கச் சொன்னார். அரை மணி போதும் என்று பசை டப்பாவிலேயே போட்டிருக்கிறதே என்றார்.

"அது நேரான பலகைக்கு சார். இதுல ரெண்டு பலகை வளைஞ்சிருக்கு, நான் இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கேன். விட்டா திரும்பிக்கும்."

அதற்கு அவர் சொன்ன பதில் பட்டறை முழுக்கக் கேட்டது.

"உங்க வீட்ல பூஜை கீஜை ஒண்ணும் கெடையாது. உனக்கு இதோட அருமை எங்க தெரியப்போவுது? சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா, கொஞ்சம் விட்டுக் குடு."

சுருக்கென்றது. அவள் வீட்டில் புத்தர் படம் இருக்கிறது, உண்மைதான். அதற்காக ஒன்பது வருஷத்தில் ஒரு பூஜைக்காவது அவள் முகம் சுளித்திருப்பாளா? பூசணிக்காய் உடைக்கிற வரை கூடவே நின்று, பொரி கடலை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவாள். அவள் பேசியது பசையைப் பற்றி. அவர் பேசியது அவள் வீட்டைப் பற்றி.

இழைக்கிற மெஷினில் நிற்கும் டென்சிலைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னார். டென்சில் அவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டு எட்டு கிளாம்ப்பையும் கழற்றினான். பத்ரிநாத் குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து ஆயுதங்களுக்கெல்லாம் வைத்து, தாராளமாக மேஜைக்கும் வழிய வழிய வைத்தார். பூஜை ஆன ஆயுதத்தை மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது. ஆகவே மேஜை ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்தது.

மறுநாள் பார்த்தால், ஒரு ஓரத்தில் இரண்டாவது பலகைக்கும் மூன்றாவது பலகைக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி. வளைந்த பலகை தன் புத்தியைக் காட்டிவிட்டது. பிரித்து, பழைய பசையைச் சுரண்டி இழைத்து, புதிதாக ஒட்ட ஒரு நாள் கொடுங்கள் என்று கேட்டாள். அவர் கொடுக்கவில்லை. விரிசலில் கொஞ்சம் பசையைத் தேய்த்து, கிளாம்ப் போட்டு இழுத்து, மேலே மரத்தூள் பூசித் தேய்த்துவிடச் சொன்னார். காய்ந்த பசைமேல் புதுப் பசை பிடிக்காது. தெரிந்தும் செய்தாள். அந்தக் கோபம் மட்டும் அவள்மேலேயே அவளுக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை மேஜை ரிச்சர்ட்ஸ் டவுனில் அதற்கு ஆர்டர் கொடுத்த டெரிக் வீட்டுக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் ரூபினிக்கு நிச்சயம். மோதிரம் மாற்றுவது அந்த மேஜைக்கு முன்னால்தான். சனிக்கிழமை காலையிலேயே போன் வந்துவிட்டது. மேஜை ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்து நிற்கிறதாம்.

மூவரும் வேனில் போகும்போது பத்ரிநாத் நிதானமாகச் சொன்னார், நாளைய சமையலைச் சொல்கிற மாதிரி. பசையில் தண்ணீர் கலந்துவிட்டேன், தப்பு என்னுடையது என்று அவள் டெரிக்கிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் வேலை இருக்கும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை வர வேண்டாம். டென்சில் ஜன்னல் வழியாக ஹோசூர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சங்கமித்ராவுக்குக் காது இரண்டும் கொதித்தது. பசையில் தண்ணீர் கலந்தவள் என்று ஒரு தடவை பெயர் வாங்கிவிட்டால் அப்புறம் எந்தப் பட்டறையில் அவள் கையில் பசை கொடுப்பார்கள்?

டெரிக் சத்தம் போடவில்லை. மேஜையைக் காட்டிவிட்டு ஓரமாக நின்றார். அந்தப் பெண் ரூபினி அழுது முடித்த முகத்தோடு வாசற்படியில் நின்றாள். பத்ரிநாத் ஆரம்பித்தார். ஆயுத பூஜைக்குக்கூடக் கிளாம்ப்பை எடுக்கவில்லையாம், முழுசாக ஒரு நாள் இறுக்கத்திலேயே வைத்திருந்தாராம். என்ன செய்வது, வேலைக்காரி பசையில் தண்ணீர் கலந்துவிட்டாளாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார், சொல்லேன் என்று.

அவள் பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தாள்.

பத்ரிநாத் பாய்ந்து வந்து கை வைக்காதே என்றார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை, டெரிக்கைப் பார்த்துக் கேட்டாள்.

"நாளைக்கு எல்லார் முன்னாடியும் தானா உடையறதுக்கு, இப்ப நான் உடைக்கட்டுமா சார்?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

நன்றாக ஒட்டிய பலகையை உடைத்தால் மரம்தான் கிழியும், ஒட்டு விடாது. இது இரண்டே தட்டில் பழத்தோல் மாதிரி விட்டுக்கொண்டது. பிரிந்த பலகையை நிமிர்த்தி வெளிச்சத்தில் பிடித்தாள். விளிம்பின் உள்பக்கம் ஒரு முழ நீளத்துக்குச் சிவந்து கிடந்தது. டெரிக் விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"குங்குமம் சார். ஆயுத பூஜைக்கு இவர் கையால வச்சது. கிளாம்ப் மாட்டியிருந்தா ஒட்டு மூடியிருக்கும். அப்புறம் குங்குமம் எந்த வழியா உள்ள போச்சு? அவரையே கேளுங்க."

கேட்க வேண்டியிருக்கவில்லை. தான்தான் கழற்றியதாகவும், முதலாளி சொல்லித்தான் கழற்றியதாகவும் டென்சில் முணுமுணுத்தான். இந்த வாய் அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று அவனையும் ஒரு பிடி பிடித்தாள். அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

நாளை சாயந்திரத்துக்குள் சரியாகுமா என்று ரூபினி கேட்டாள். பாலிஷ் அந்த இடத்தில் கொஞ்சம் மங்கும், மேலே துணி விரித்துக்கொள்ளலாம், ஆனால் ஒட்டு விடாது என்றாள் சங்கமித்ரா. விளிம்பை அங்கேயே இழைத்தாள். சிவப்புச் சுருள்கள் பத்ரிநாத்தின் காலடியில் விழுந்தன. பசை தடவி, வேனில் இருந்த நாலு கிளாம்ப்பையும் போட்டு, பசை மணியாகக் கசிந்ததும் கையை நிறுத்தினாள். அந்த வளைந்த பலகையின் நுனி மட்டும் மேலே எழும்பியது. யாராவது அழுத்திப் பிடித்தாக வேண்டும்.

பத்ரிநாத் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், திங்கட்கிழமை வந்துவிடம்மா என்றார்.

"அத அப்புறம் பேசலாம். இந்த நுனியப் பிடிங்க சார். ரெண்டு கையாலயும்."

பிடித்தார். அரை மணி ஆயிற்று. சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. விடலாமா என்று அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அரை மணி டப்பாவுல போட்டிருக்கறது சார்," என்றாள் சங்கமித்ரா. "நான் சொல்றப்ப விடுங்க."