அவள் வந்து சேர்ந்ததும் அவர் கிளம்பினார்

1

இந்தக் கதையை நான் பஸ் ஜன்னலிலிருந்து திருடினேன். மலைப்பாதையில் எதிரே வந்த லாரிக்கு வழிவிட பஸ் நின்றிருந்தது. வளைவில் ஒரு ஆள் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கீழே வெயிலில் ஒரு பெண் மூட்டை கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்தாள். ஆஹா, என்ன ஜோடி என்று நினைத்தேன். பஸ் கிளம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி சொன்னாள்: "அவ வந்து சேந்ததும் அந்தாளு எழுந்து கிளம்பிட்டார். அப்போ அவ எப்பத்தான் உக்காருவா?"

அவ்வளவுதான் திருட்டு. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

பத்திரிகை ஆசிரியர் போனில் கேட்டது வேறு. "வெயில் கால இதழ் சார். புருஷன் பொண்டாட்டி, சைக்கிள், கூடாரம், நிலா. படிச்சு முடிச்சா மனசு குளுகுளுன்னு இருக்கணும்." சரி என்று தலையாட்டினேன். (போனில் தலையாட்டுகிறவனை நம்பி ஒரு பத்திரிகை நடக்கிறது.)

2

தொடக்கங்கள்:

'மலைகளின் மேல் சூரியன் தன் தங்கக் கரங்களை...' ச்சீ.

'அவர்கள் இருவரும் ஒருவரையொருவர்...' யார் கேட்டார்கள்?

'அன்று வெயில் மண்டையைப் பிளந்தது.' இது போதும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றிவிடுகிற மனுஷன், பெண்டாட்டியை மட்டும் தானாக ஏறி வரட்டும் என்று விட்டுவிட்டார். அவள் செயற்கைப் பல் செய்யும் லேபில் மெழுகில் கடைவாய்ப் பல் செதுக்குகிறவள். தூரத்து நகரத்தில் புதிதாகத் திறக்கும் கிளையை அவளையே நடத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நாளைக் காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. போனால் தனியாகத்தான் போக வேண்டும், போய்விட்டால் திரும்பி வரமாட்டாள். இரண்டும் அவளுக்குத் தெரியும்.

காலையில் முதல் மேட்டைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு பந்தயம் கட்டினாள். இன்றைக்கு ஒரே ஒரு உச்சியிலாவது, நான் போய்ச் சேர்ந்த பிறகு இந்த மனுஷன் என்னோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்தால், வேலை வேண்டாம் என்று எழுதிவிடுவேன்.

(ஒரு கல்யாணத்தை இப்படியா முடிவு செய்வார்கள் என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். உங்களுடையது எதை வைத்து முடிவானது என்று சொல்லுங்கள், பிறகு பேசலாம்.)

3

முதல் உச்சி.

"வந்துட்டியா? பரவாயில்லையே! வா, கிளம்பலாம்."

அவள் மூச்சுவிட வாயைத் திறப்பதற்குள் அவர் சீட்டில் ஏறிவிட்டார். இளைப்பாறி முடித்தவர், தெம்பாக இருந்தார். அவள் ஹாண்டில்பாரில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவர் பின்னால் போனாள்.

இதில் அவள் பங்கும் உண்டு. கல்யாணமான புதிதில், முதல் பயணத்தில், அவள்தான் ரோஷமாகச் சொன்னாள்: "எனக்காக நிக்காதீங்க. நான் என் பாட்டுக்கு வந்துடுவேன்." அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். சொன்ன சொல்லை மதிக்கிற நல்ல மனுஷன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதையை எழுதுவது எவ்வளவோ சுலபம்.

4

இரண்டாவது உச்சியில் அவளால் அடக்க முடியவில்லை.

"கொஞ்சம் உக்காரலாமே."

"இவ்வளவு நேரம் உக்காந்துதானே இருந்தேன்?"

"நீங்க உக்காந்தீங்க."

"உனக்காகத்தானேம்மா உக்காந்தேன்! எத்தனை வருஷமா ஒவ்வொரு மேட்டுலயும் உனக்காகக் காத்துக்கிட்டிருக்கேன், ஒரு நாளாவது சலிச்சிருக்கேனா?"

சலித்துக்கொண்டதில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். அவர் கணக்கில் அவர் காலமெல்லாம் காத்திருந்தவர். அவள் கணக்கில் காலமெல்லாம் உட்காராதவள்.

கேட்டது தப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கேட்டு வாங்கினால் பந்தயத்தில் சேராது.

[இங்கே எனக்கு அவள் மேல் சந்தேகம். 'எனக்கு மூச்சு வாங்குதுங்க, உக்காருங்க' என்று வாய்விட்டுச் சொன்னால் அவர் உட்காரமாட்டாரா? உட்காருவார். பதறிப்போய் விசிறிக்கூட விடுவார். அப்படி ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். கதாபாத்திரம் சொல்பேச்சுக் கேட்கவில்லை என்று எழுத்தாளர்கள் விடுகிற கதையெல்லாம் சும்மா. நான் எழுதினால் அவள் சொல்லத்தான் வேண்டும். இத்தனை வருஷம் கழித்து மூச்சுக்கு மனுப் போட வைக்க எனக்கு மனசு வரவில்லை, கிழித்துவிட்டேன்.]

5

கடைசி மேடு. தார் உருகி டயரில் ஒட்டியது. பாதிக்கு மேல் தள்ளிக்கொண்டுதான் ஏறினாள். உச்சியில் அவர் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். அவள் வந்து சேர்ந்தாள்.

அவர் எழுந்திருக்கவில்லை.

அவள் சைக்கிளைப் போட்ட வாக்கில் போட்டுவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் நகர்ந்து இடம் விட்டார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பைத்தியக்காரி, அழுதுவிட்டாள். வியர்வையோடு வியர்வையாக அது அவருக்குத் தெரியவில்லை. லேபுக்கு என்ன சாக்கு எழுதலாம் என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

இங்கேயே நிறுத்திவிடலாம். ஒரு நிலாவைச் சேர்த்தால் ஆசிரியருக்குக் குளுகுளு. நானும் நிறுத்தத்தான் பார்த்தேன்.

"அந்தப் பம்ப்பை எடும்மா, உன் பையிலதானே இருக்கு?" என்றார் அவர். "பின் டயர் பஞ்சர். எவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன், எங்க போயிட்ட?"

6

முடிவு அ: அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். (எனக்குச் சிரிப்பு வரவில்லை.)

முடிவு ஆ: பம்ப்பை எடுத்துப் பள்ளத்தாக்கில் வீசினாள். (கைதட்டல் கிடைக்கும். ஆனால் இவள் ஒரு துண்டு மெழுகைக்கூட வீணாக்காதவள்.)

முடிவு இ: அன்றிரவு கூடாரத்தில் அவர் அவள் கையைப் பிடித்து, "உன் மனசுல என்ன

வேண்டாம். கேட்கிற ஆளாக இருந்தால் முதல் மேட்டிலேயே கேட்டிருப்பார்.

நடந்தது இதுதான். அவள் பம்ப்பை எடுத்துக் கொடுத்தாள். அவர் ஒட்டுப் போடும்போது சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். சுத்தமான வேலை, அதில் குறை சொல்ல முடியாது. கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

"வா, வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் அடிச்சிடலாம்."

"நீங்க போங்க. நான் கொஞ்சம் உக்காந்துட்டு வரேன்."

இப்படி அவள் சொன்னதே இல்லை. அவர் கவனிக்கவில்லை. "சரி, கீழ காத்திருக்கேன்" என்று இறங்கிப் போனார்.

அவள் போனை எடுத்தாள். உச்சியில் சிக்னல் நன்றாகவே இருக்கிறது. லேபுக்கு என்ன எழுதப்போகிறாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. அவளுக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது.

முடிவு தெரிந்தால் போதும் என்று நீங்கள் எழுந்து நிற்கிறீர்கள், தெரிகிறது. பிடித்ததை நீங்களே எழுதிக்கொண்டு முன்னால் போங்கள். நான் இவளோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.