முந்தியில் ஓ.கே.

எங்கள் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு வரதராஜன் செயலாளராக வந்த பிறகு 'சரி' என்ற சொல் செத்துப்போனது. விடுப்பு, கடிதம், டீ எல்லாவற்றுக்கும் ஓ.கே.தான். அதை எழுத ஒரு சிவப்புப் பென்சில் எப்போதும் அவர் காதில் இருக்கும்.

வாலாஜாபாத் அரிசி மில்காரர் வீட்டுக் கல்யாணப் புடவைக்கு முந்தியின் படம் கட்டக் காகிதத்தில் வந்தது. செய்தித்தாளிலிருந்து முழுதாகக் கண்ணை எடுக்காமல், இரண்டு அன்னங்களுக்கு நடுவே ஆங்கிலத்தில் பெரிதாக ஓ.கே. போட்டார்.

படத்தைப் பார்த்து, தறியில் டிசைன் விழவைக்கும் ஜக்கார்டு அட்டையில் துளை போடுகிறவர் அப்பாதுரை. மாகறல்காரர். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. சிவப்புக் கட்டம் என்றால் ஜரிகை. அவ்வளவுதான் அவர் தொழில். அப்படியே துளை போட்டார். நெய்தவரும் புது மோஸ்தர் என்று நெய்து முடித்தார். மடிப்பைப் பிரிக்காமலே, தரம் பார்த்ததாக வரதராஜன் ஓ.கே. எழுதிய சீட்டைக் கட்டி அனுப்பினார். கல்யாண வீட்டில்தான் பிரித்தார்கள். ஊரே சிரித்தது.

அப்பாதுரையை வேலையிலிருந்து நீக்க நிர்வாகக் குழு கூடியது. நானும் அதில் ஓர் உறுப்பினன்.

"ஏம்பா, எழுத்து எது, டிசைன் எதுன்னு தெரியாது உனக்கு?" என்றார் வரதராஜன்.

"போன வருசம் ஒரு கொடியை விட்டுட்டேன்னு நீங்கதான சார் கத்தனீங்க? படத்துல இருக்கறதப் போடு, யோசிக்காதன்னு. அன்னிலருந்து யோசிக்காமதான் போட்டுக்கினு இருக்கேன். ஆமா, அதுக்கு அர்த்தம்தான் இன்னா சார்?"

வரதராஜன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது பட்டாளத்து வார்த்தைப்பா. சண்டை முடிஞ்சதும், நம்ம பக்கம் ஒருத்தனும் சாவலன்னா 'சைபர் கில்டு'ன்னு சுருக்கி பலகையில அப்படி எழுதுவாங்க."

நூலகத்து அகராதியில் நான் முன்பே பார்த்திருந்தேன். எல்லாம் சரி என்று பொருள்படும் 'ஆல் கரெக்ட்' என்பதை அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் வேடிக்கைக்காக 'ஓல் கொரெக்ட்' என்று தப்பாக எழுதி, முதலெழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டதில் பிறந்ததாம். தப்பிலே பிறந்து, சரிக்கு முத்திரையாகிவிட்ட சொல்.

சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் சீட்டையும் சொல்ல வேண்டும். திரும்பி வந்த புடவையிலிருந்து அதை அவிழ்த்தவன் நான். வரதராஜன் கையெழுத்தோடு அது என் சட்டைப்பையில் இருந்தது. பேசாமல் இருந்தேன். என் மௌனத்தை ஆழம் என்று மதிப்பவர்கள் ஊரில் உண்டு.

"நீக்கிடலாமா?" தலைவர் வரிசையாகக் கேட்டார்.

ஓ.கே. ஓ.கே. ஓ.கே.

என் முறை வந்தது. அப்பாதுரை என்னைப் பார்த்தார்.

"ஓ.கே." என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "உங்க பக்கம் ஒருத்தனும் சாவல. எழுதிக்கோங்க சார்."

வரதராஜன் காதிலிருந்து பென்சிலை எடுத்து எழுதினார்.