அவர் காலம் வரை மட்டும்

ஆண்டுக்கு ஒருமுறை ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போய், தான் இன்னும் சாகவில்லை என்று முகத்தைக் காட்டிவிட்டு வரவேண்டும். கணக்கு சாருக்கு அதில் வெட்கமெல்லாம் கிடையாது. வேலைக்காலம் பூராவும் பிள்ளைகளை "உள்ளேன் ஐயா" சொல்லவைத்தவர், இப்போது அதையே சொல்ல வரிசையில் நிற்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் இந்தமுறை அங்கே அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. போன வாரம் இதய டாக்டர் படத்தைக் காட்டி, "ரெண்டு எடத்துல அடைப்பு. ஆபரேஷன் பண்ணலாம். ஆனா இந்த வயசுல உத்தரவாதம் குடுக்க முடியாது" என்று சொல்லியிருந்தார். வீட்டில் இவர் மூச்சு விடவில்லை. சாவைப் பற்றி அவருக்குப் பெரிய பயமில்லை. தான் போன மறுமாதமே மனைவி வெறுங்கையோடு நிற்பாளே என்பதுதான் பயம். அதற்கு ஏற்பாடு செய்துவைத்த புண்ணியவான் அவரேதான்.

ஓய்வுபெறும் வாத்தியாருக்கும் ஒரு பரீட்சை உண்டு. அவருடையது அரசாங்கப் பென்ஷன் இல்லை; இத்தனை வருடம் சம்பளத்தில் பிடித்ததை இரண்டு விதமாகத் திரும்ப வாங்கலாம். மாதாமாதம் கொஞ்சம் குறைத்து வாங்கினால், ஆள் போனபிறகும் துணைக்குப் பாதி வந்துகொண்டிருக்கும். முழுசாக வாங்கினால், அவர் காலம் வரை மட்டும்தான். முதல் மாதப் பணம் கைக்கு வந்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி புற்றுநோய் வார்டில் கிடந்தாள். தலையில் ஒரு முடி இல்லை. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். "இல்லாமப் போற ஆளுக்காக எதுக்கு சார் மாசாமாசம் விட்டுக்குடுக்கணும்?" என்றார் கூட வேலை பார்த்த வரலாறு சார். காதால் கேட்க அசிங்கமாக இருந்தது. கணக்காகப் பார்த்தால் சரியாக இருந்தது. துணையின் சம்மதக் கையெழுத்து தேவை என்றார்கள். "ரிட்டயர்மென்ட் பேப்பர்மா" என்று பேனாவை அவள் விரல்களுக்கு நடுவில் செருகினார். அவள் கிறுக்கிக் கொடுத்தாள்.

பிறகு அவள் பிழைத்துக்கொண்டாள்.

கணக்கு சார் சந்தோஷத்தில் அழுதார். அது பொய் அழுகையில்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது ஒருத்தி இல்லை, இரண்டு பேர். அடுப்படியில் முடி வளர்ந்த ஒருத்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பின்னால் ஆஸ்பத்திரி அங்கியும் மொட்டைத் தலையுமாக, அவர் கணக்கில் சாகடித்தவள் நிற்பாள். பட்டப்பகலில் நிற்பாள். திட்டமாட்டாள், அழமாட்டாள். வரிசையில் தன் முறைக்குக் காத்திருப்பவள்போல அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். இருட்டுக்குப் பயந்தவன் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். இவர் என்ன செய்வார்?

உயிரோடிருப்பவளோ அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். சாப்பாட்டில் உப்பைக் குறைத்தாள். காலையில் நடக்கப்போக முரண்டு பிடித்தால் செருப்பைக் கொண்டுவந்து காலடியில் போடுவாள். இப்படியே பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அவள் பார்த்துக்கொள்ளப் பார்த்துக்கொள்ள, அவருக்கு உள்ளே குடைந்தது.

இன்றைக்கும் அலுவலகத்துக்குக் கூடவே வந்தவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார். அவருடைய முறை வந்தது. நெடுநாளாக அதே ஜன்னலில் இருக்கும் கிளார்க் அம்மா படம் எடுத்து முடித்ததும், கணக்கு சார் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு விஷயம்மா. எனக்கப்புறம் துணைக்குப் பாதி வர்ற மாதிரி இப்ப மாத்த முடியுமா? எனக்கு எவ்வளவு வேணாலும் கொறைச்சுக்குங்க."

"முடியாது சார். அதான் அம்மாகிட்ட அப்பவே சொல்லிட்டேனே."

"எந்த அம்மா?"

"உங்க வீட்டம்மாதான். ஆஸ்பத்திரியிலேருந்து வந்த புதுசுல, தலையில துணி கட்டிக்கிட்டு வந்து கேட்டாங்க. 'அவரு இருக்கற வரைக்கும்தானா? சரி, அவரை இருக்க வெச்சுக்கறேன்'னுட்டுப் போனாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

கணக்கு சார் ஜன்னலை விட்டு நகர்ந்தார். தின்ற உப்பில்லாச் சோறெல்லாம் தொண்டைக்குத் திரும்பி வந்தது.

அவள் பெஞ்சில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே, "கேட்டுட்டீங்களா?" என்றாள்.

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க சொல்லட்டும்னுதான்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கேட்கக்கூடாது என்று நினைத்ததைக் கேட்டேவிட்டார். "இத்தனை வருஷம் பார்த்துக்கிட்டது எனக்காகவா, பென்ஷனுக்காகவா?"

அவள் சுளையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். "மொத வருஷம் கோவத்துல பார்த்துக்கிட்டேன். அப்புறம் பயத்துல. எப்ப மாறுச்சுன்னு தெரியலைங்க. மாறுச்சான்னும் தெரியல."

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? டாக்டர் சொன்னதை அவரும் சொல்லிவிட்டார். அவள் முகம் வெளுத்துப்போனது. ஆரஞ்சுத் தோல் மடியிலிருந்து கீழே விழுந்தது.

"ஒரு தடவை என்னைக் கணக்குல சாகடிச்சீங்க. பொறுத்துக்கிட்டேன்," என்றாள் மெதுவாக. "நெசமாவே சாகடிச்சிராதீங்க."

அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடத்திக்கொண்டு போனாள். அது பெண்டாட்டியின் பிடியா, கடன் கொடுத்தவளின் பிடியா என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எலும்புவரை வலித்தது. விடு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.