பேராச்சியின் உயரம்

கல் என்னவோ அருமையான கல்தான். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பாதையில், தன் வயலை ஒட்டிக் குத்தாலிங்கம் நிறுத்திய சுமைதாங்கி அது. இரண்டு கால்கள், மேலே குறுக்காக ஒரு கல். கால்களின் அடியில் ஒரு முழ உயரத்துக்குக் கொடியும் கிளியும் கொத்தியிருந்தது. சாரலில் குளிக்க வந்த திருநெல்வேலி வக்கீல் ஒருவர் மோட்டாரை நிறுத்தி இறங்கி, கிளியின் மூக்கைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்கு இப்படிக் கல் நிறுத்துவது வழக்கம். இறக்காமல் போன சுமை அவளோடேயே இருக்குமாம். வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி மூச்சு விட விட, அவளுக்கும் பாரம் குறையுமாம். குத்தாலிங்கத்தின் பெண்டாட்டி பேராச்சி போன ஐப்பசியில், ஏழாம் மாதத்தில் போய்விட்டாள். கல்தச்சர் வல்லிநாயகம் "எம்புட்டு உசரம் வேணும்?" என்று கேட்டபோது, இவன் எழுந்து நின்று தன் தலையைத் தொட்டுக் காட்டினான். அவளுக்குச் செய்வதில் குறை வைக்கக் கூடாது என்று நினைப்பு. ஆளோ ஆறடி. துக்கத்தில் இருப்பவனிடம் என்ன பேசுவது என்று வல்லிநாயகமும் அந்த அளவுக்கே கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

கல் நின்று ஒரு மாதமாயிற்று. ஒரு சுமைகூட இறங்கவில்லை.

குத்தாலிங்கம் வயலில் நின்று தினமும் பார்ப்பான். மலையிலிருந்து விறகுக்கட்டோடு பெண்கள் வருவார்கள். கல்லருகே நடையைக் குறைப்பார்கள், பிறகு போய்விடுவார்கள். எல்லாம் தான் செய்த பாவம் என்றே நினைத்தான். அது என்னவென்று யாரிடமும் சொன்னதில்லை. சாவதற்கு முதல் நாள் பேராச்சி தலையில் புல்லுக்கட்டோடு வரப்பில் வந்து நின்று, "ஒரு கை புடிங்களேன், இறக்கணும்" என்றாள். இவன் ஏரைப் பிடித்தபடியே, "இந்தச் சால் முடியட்டும், நில்லு" என்றான். திரும்பி வரும்போது அவள் தானே குனிந்து இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் பாதைக்கு ஓடிவந்து, விறகுக்காரி சந்தனமாரியை மறித்தான்.

"ஏன் தாயி, இதுல இறக்கி வச்சா என்ன? என் வீட்டுக்காரி ஒங்களுக்கு என்ன செஞ்சா?"

சந்தனமாரி கல்லை ஒட்டிப் போய் நின்றாள். குறுக்குக்கல் விறகுக்கட்டின் நடுவில் இடித்தது. எக்கிப் பார்த்தாள். கட்டு பின்னால் சரிந்தது.

"எங்கன வைக்கது அண்ணாச்சி, வானத்துலயா?" என்றவள், அவன் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "நாங்களும் தெனம் ஆசையாத்தான் பாக்குதோம். ஒங்க வீட்டுக்காரி எம்புட்டு உசரம்?"

குத்தாலிங்கம் கையைத் தன் நெஞ்சுக்கு நேரே உயர்த்தினான், தோளுக்கு ஏற்றினான், மறுபடி இறக்கினான். ஆறு வருஷம் கூட இருந்தவள். ஒரு நாளாவது பக்கத்தில் நின்று பார்த்திருந்தால்தானே தெரியும்.

வீட்டுக்குப் போனான். அடுக்களை வாசல் நிலையில் ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. கடைசி மாதங்களில் பேராச்சி அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, அவன் தின்று எழும்வரை அந்த நிலையில்தான் தலை சாய்த்து நிற்பாள். அவன் அங்கே போய் நின்றான். கறை அவன் தோளுக்குக்கூட எட்டவில்லை.

"ஏட்டி, இம்புட்டுப் பொடிசா நீ?" என்று அந்த மரத்தைக் கேட்டான். தரையிலிருந்து கறை வரைக்கும் நார்க்கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டான்.

முடிச்சைப் பார்த்ததும் வல்லிநாயகத்துக்கு முகம் விழுந்துவிட்டது. "ஒரு முழம் மண்ணுக்குள்ள போகும்வே. கொடி, கிளி ஒண்ணும் தெரியாது. பன்னெண்டு நாள் கொத்துனது."

"போகட்டும்வே. கிளியப் பாக்கவா அவளுக்குக் கல்லு?"

வல்லிநாயகம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கடப்பாரையை எடுத்தார். "அன்னைக்கே நான் கேட்டிருக்கணும்" என்றார். நாலு பேர் சேர்ந்து குறுக்குக்கல்லை இறக்கி, குழியை ஆழமாகத் தோண்டி மறுபடி நிறுத்தினார்கள்.

மூன்றாம் நாள் சாரல் தூறியது. உழுதுகொண்டிருந்த குத்தாலிங்கத்துக்குப் பாதையில் சந்தனமாரி வருவது தெரிந்தது. பாதிச் சாலில் மாடுகளை நிறுத்தி, ஏரை அப்படியே விட்டுவிட்டு ஓடினான்.

"இரு தாயி, ஒரு கை புடிக்கேன்!"

அவன் வரப்பேறுவதற்குள் அவள் கல்லோரம் போய்த் தலையை லேசாகச் சாய்த்தாள். கட்டு நகர்ந்து கல்லில் உட்கார்ந்தது. சும்மாட்டுத் துணியை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா! ஒனக்குப் புண்ணியமாப் போகும் பேராச்சி" என்றாள்.

பிறகு ஓடிவந்தவனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க எதுக்கு அண்ணாச்சி? அதான் அவ புடிச்சிட்டாள்லா."

நீட்டிய கையை மடக்கத் தோன்றாமல் குத்தாலிங்கம் வரப்பிலேயே நின்று அழுதான்.